எந்த நிறம் என்று கேட்டோம்

விடியும் நேரத்தில் திருகோணமலைத் துறைமுகத்துத் தண்ணீருக்கு நிறம் இருப்பதில்லை. மலைகள் தெரியும். மாவு ஆலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பல் தெரியும். அவை எதன்மேல் நிற்கின்றன என்று மட்டும் சொல்ல முடியாது. கப்பல் ஆகாயத்தில் கட்டித் தொங்கவிட்டதுபோல அசையாமல் இருக்கும். பிறகு எங்கிருந்தோ ஒரு வெளிறிய ஒளி வந்து முதலில் கப்பலின் பக்கத்தில் படியும், அதன்பின் தண்ணீரில் இறங்கும். அந்த நேரத்தில்தான் நான் மச்சாளின் கொட்டகைக்கு நடந்து போவது வழக்கம்.

மச்சாள் என் மனைவியின் தங்கை. குடாவின் கரையோரம் நண்டு அவித்துச் சதை பிரிக்கும் கொட்டகை ஒன்றை நடத்துகிறாள். பல வருடங்கள் வளைகுடா நாடொன்றில் வீட்டுவேலை செய்துவிட்டு வந்தவள். இனி அங்கே போவதில்லை என்று முடிவெடுத்த பிறகு கட்டியது இந்தக் கொட்டகை. கொழும்புப் பத்திரிகை ஒன்றில் வேலைபார்த்து ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பிய எனக்கு அங்கே ஒரு வேலை உண்டு. ஆங்கிலத்தில் வருவதை வாசித்துச் சொல்வதும், போக வேண்டியதை எழுதிக் கொடுப்பதும். கூலி, தேநீர்.

கொட்டகையை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன் என்றே நினைத்திருந்தேன். வெள்ளை ஓடு பதித்த சுவர், வலை அடித்த யன்னல்கள், துருப்பிடிக்காத மேசைகள், வெள்ளைத் தொப்பிக்குள் தலைமயிரை ஒதுக்கிய பெண்கள். கொட்டியாரக்குடாவில் வலைபோட்ட படகுகள் கொண்டுவரும் நீல நண்டுகள் கொதிநீரில் இறங்கிச் செம்மஞ்சளாகி வெளியே வரும். அவற்றைத் தட்டுகளில் பரப்பி, மஞ்சள் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மூடுவார்கள். ஆறியதும் ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொழும்புக்கு அனுப்புவார்கள். அங்குள்ள கம்பனி அதை டின்களில் அடைத்துக் கடல் கடந்து அனுப்பும். கத்தியும் கூடையும் கையுறையும் கடைசியாக அலசப்படுவதும் மஞ்சள் தண்ணீரில்தான். வாசலில் ஒரு பெரிய சட்டி நிறைய அது எப்போதும் இருக்கும். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. கழுவி முடிந்தால் மஞ்சள் தண்ணீர். அவ்வளவுதான். பந்தலில் தெளிப்பதும் பிள்ளை பெற்ற வீட்டில் தெளிப்பதும் அதுதானே.

கிண்ணியாவிலிருந்து பஸ்சில் வரும் ஒரு முஸ்லிம் பெண் அங்கே மேசைக்குப் பொறுப்பு. எல்லோருக்கும் அவர் ராத்தா, அதாவது அக்கா. அவர் கைபட்ட சதையில் ஓட்டுத் துண்டு இருக்காது. வாயில் கதை ஓயாது.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியிருந்த ஒரு காலையில் மச்சாள் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

“அத்தான், இதை ஒருக்கா வாசியுங்கோ. எனக்கு விளங்கினது சரியோ எண்டு பாக்கோணும்.”

கொழும்புக் கம்பனி அனுப்பிய செய்தி. எங்கள் கொட்டகையின் சதை இருந்த சரக்கு, இறக்குமதி செய்யும் நாட்டின் துறைமுகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. காரணம்: அனுமதிக்கப்படாத நிறமூட்டி. செய்தி அதோடு முடிந்துவிட்டது.

“நிறமூட்டி எண்டா?” என்றார் ராத்தா.

“சாயம் மாதிரி,” என்றாள் மச்சாள்.

“நண்டுக்கு ஆரும் சாயம் பூசுவாங்களா புள்ள? அதென்ன பெருநாள் உடுப்பா?”

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். மச்சாள் சிரிக்கவில்லை. சற்று நேரத்தில் கொழும்பு மனேஜரே அழைத்தார். மச்சாள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“அக்கா, நேராக் கேக்கிறேன். கலர் ஏதும் போடுறீங்களா?”

“இல்லைத் தம்பி. என்ர பிள்ளையள் மேல சத்தியமா இல்லை.”

“சரி. நீங்க இன்னொரு சாம்பிள் அனுப்புங்க. அதுவரைக்கும் உங்ககிட்ட எடுக்கிறத நிப்பாட்டி வைக்கிறோம். அதுவும் சரிவரல்லன்னா, மன்னிச்சுக்கோங்க, வேற இடம்தான்.”

மச்சாளிடம் வாங்குவது அந்த ஒரு கம்பனி மட்டும்தான். அது நின்றால் கொட்டகை மூடும். மச்சாள் மீண்டும் வளைகுடாவில் யாரோ ஒருவரின் குசினிக்குச் சமைக்கப் போக வேண்டும். ராத்தாவின் கடவுச்சீட்டோ ஏற்கெனவே நகரத்தில், வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜன்சிக்காரரிடம் இருந்தது. நல்ல இடம் வந்தால் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்காமல் கொடுத்து வைத்திருந்தார். இனி அந்த முடிவை எடுக்கப்போவது நண்டு.

அடுத்து நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. குறை சொல்லிவிட்டார்கள் என்றால் சுத்தத்தைத்தான் சொல்கிறார்கள் என்று பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். கொட்டகையைத் தலைகீழாகக் கழுவினார்கள். மேசைக் கால்களையும் யன்னல் வலையையும் தேய்த்தார்கள். ராத்தா வீட்டிலிருந்து உரலில் இடித்த நல்ல மஞ்சளைப் பையோடு கொண்டுவந்தார். வழக்கத்தைவிடத் தடிப்பாகக் கரைத்தார்கள். தட்டுகளை மூடும் துணிகள் காற்றில் காய்ந்தபோது, காலை வெயில் அவற்றில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தங்கியிருப்பதுபோல் தெரிந்தது. கொட்டகை ஒரு கலியாண வீடுபோல மணந்தது. எனக்கு அந்த மணம் பிடித்திருந்தது. கடற்கரைப்பக்கம் பார்த்தபடி தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மாதிரி கொழும்பு வழியாக அந்த நாட்டுக்கே போனது. முடிவும் வந்தது.

“அக்கா,” மனேஜரின் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. “முந்தினதவிடக் கூட இருக்கு.”

 தேய்த்துக் கழுவிய மேசைகள் வெறுமையாகப் பளபளத்தன.

“எந்த நிறம் எண்டு சொன்னவங்களோ?” மச்சாள் கேட்டாள்.

“நிறம்னுதான் சொன்னாங்க. எதுன்னு சொல்லல்ல.”

“அப்ப கேளுங்கோ.”

“யார்கிட்ட அக்கா கேக்கிறது? அது பெரிய நாடு. நம்ம நாலு பெட்டி நண்டுக்கு அவங்க உக்காந்து பதில் எழுதுவாங்களா?”

மச்சாள் என்னைப் பார்த்தாள். “எழுதமாட்டாங்களோ அத்தான்?”

எனக்கு ஒரு மண்டபம் நினைவுக்கு வந்தது.

வேலையில் இருந்த காலத்தில் ஒருமுறை, உலக நாடுகள் வர்த்தக விதிகளைப் பேசும் இடத்துக்குச் செய்தி சேகரிக்க அனுப்பப்பட்டேன். ஏரிக்கரை நகரம். மண்டபத்துக்கு வெளியே தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் மலைகள். அதனால்தானோ என்னவோ இப்போது நினைக்கும்போது அந்த ஏரியும் எங்கள் துறைமுகமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடுகின்றன. மண்டபத்தில் நாடுகள் அகரவரிசைப்படி உட்கார்ந்திருந்தன. பெரிய நாட்டின் பெயர்ப்பலகையும் சிறிய நாட்டின் பெயர்ப்பலகையும் ஒரே அளவு. காதில் மாட்டிய கருவிக்குள் ஒரு பெண் எல்லோருடைய பேச்சையும் ஒரே தொனியில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். கோபமும் கெஞ்சலும் அவள் குரலில் ஒன்றுபோலவே கேட்டன. நித்திரை வந்தது. எங்கள் நாட்டைவிடச் சிறிய ஒரு தீவின் பிரதிநிதி எழுந்து, தங்கள் மீன் ஏன் தடுக்கப்பட்டது என்று ஒரு கேள்வி கேட்டார். பெரிய நாட்டின் பிரதிநிதி கோப்பைப் புரட்டினார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். மறுபடியும் புரட்டினார். பதில் சொன்னார். அவர் முகத்தில் விருப்பம் இல்லை. ஆனாலும் சொன்னார்.

அதைப்பற்றி நான் எழுதியது சில வரிகள். அச்சில் அவையும் வரவில்லை. அந்த இடத்தில் விளம்பரம் வந்துவிட்டது.

“எழுதத்தான் வேணும்,” என்றேன் மச்சாளிடம். “கேட்டாக் காரணம் சொல்லுறதா அவையளும் கையெழுத்து வைச்சிருக்கினம். ஆனா நீரும் நானும் கேட்டா இல்லை. நாடு கேக்கோணும்.”

“நாட்டை எங்க போய்ப் பிடிக்கிறது?” என்றார் ராத்தா. “கச்சேரியில அரசாங்க அதிபர்கிட்டயா?”

கொழும்பில் இதற்கென்றே ஒரு மேசை இருக்கிறது. மற்ற நாடுகளின் விதிகள் பற்றிக் கேள்வி அனுப்பவும், நம்முடைய விதிகள் பற்றி அவர்கள் கேட்டால் பதில் சொல்லவும் ஒவ்வொரு நாடும் வைத்திருக்க வேண்டிய மேசை. பல கைகள் மாறித்தான் அதன் தொலைபேசி இலக்கம் கிடைத்தது. எடுத்த பெண் அதிகாரி நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“நல்லது ஐயா, எழுதி அனுப்புங்கள். கேட்பதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். ஆனால் இங்கே வருகிறவர்கள் எல்லாம் சரக்கு அழிந்தபிறகு அழுவதற்குத்தான் வருகிறார்கள்.”

கேள்வியை மச்சாள் சொல்ல நான் எழுதினேன். எந்த நிறம்? எவ்வளவு? எப்படிப் பரிசோதித்தீர்கள்? கடைசியாக, சற்று யோசித்து, இன்னொன்றும் சேர்க்கச் சொன்னாள்.

“இந்தச் சட்டம் எங்களுக்கு மட்டுமோ, நண்டு அனுப்புற எல்லாருக்குமோ எண்டும் கேளுங்கோ.”

“அது என்னத்துக்கு?”

“எல்லாருக்கும் எண்டா அழமாட்டன்.”

பிறகு காத்திருந்தோம். அந்த நாட்களை நினைத்தால் ஒரே நீண்ட பிற்பகலாகத்தான் தோன்றுகிறது. மேற்கிலிருந்து சூடான காற்று வீசிக்கொண்டே இருந்தது. பனையோலைகள் ஓயாமல் சலசலத்தன. படகுக்காரர்கள் நண்டை நகரத்துச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். கொட்டகையில் அடுப்பு எரியவில்லை. ஆனாலும் ராத்தா சில நாட்களில் பஸ் ஏறி வந்தார். வேலையில்லாத மேசையில் மச்சாளுடன் உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் போவார். யன்னலுக்கு வெளியே கோதுமைக் கப்பல் நின்றது. அந்தப் பாண் வந்த வழியும் அதுதான். எங்கோ ஒரு பெருவெளியில் விளைந்த கோதுமை எந்தக் கேள்வியும் இல்லாமல் எங்கள் தட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அதற்கும் யாரோ எங்கோ ஒரு விதி எழுதித்தான் இருப்பார்கள்.

ஒருநாள் ஏஜன்சிக்காரர் ராத்தாவை அழைத்தார். ராத்தா கொட்டகைக்கு வெளியே போய் நின்று பேசிவிட்டு வந்தார்.

“இடம் வந்திரிக்காம். மூணு புள்ளயள் உள்ள ஊடு. நல்ல மனிசராம்.”

“எல்லாரையும் அப்பிடித்தான் சொல்லுவாங்கள் ராத்தா,” என்றாள் மச்சாள். “எனக்கும் அப்பிடித்தான் சொன்னவங்கள்.”

“நான் என்ன சொல்லட்டும்?”

மச்சாள் கையில் இருந்த பாண் துண்டைத் தட்டில் வைத்தாள்.

“பதில் வரட்டும் எண்டு சொல்லுங்கோ.”

“எந்தப் பதில் எண்டு கேப்பான்.”

“நண்டு கேட்டிருக்கு எண்டு சொல்லுங்கோ.”

ராத்தா சிரித்தார். ஆனால் அழைத்தவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லித்தான் வைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

மத்தியானங்களில் சாய்மனைக் கதிரையில் படுத்தபடி நான் எங்கள் கேள்வி பயணம் போவதைக் கற்பனை செய்வேன். கொழும்பு மேசையிலிருந்து அது கிளம்புகிறது. கடல்களுக்கு மேலே போகிறது. பனி பெய்யும் ஒரு நகரத்தில் யாரோ ஒருவரின் மேசையில் இறங்குகிறது. அவருக்குத் திருகோணமலை எங்கே இருக்கிறது என்று தெரியாது. கொட்டகை, குடா, ராத்தா, ஒன்றும் தெரியாது. ஆனாலும் அதை எறிந்துவிட அவரால் முடியாது. கோப்பைப் புரட்டுகிறார். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார். மறுபடியும் புரட்டுகிறார். நான் கண்ணயர்ந்துவிடுவேன்.

பதில் வந்தது. கொழும்பு மேசையில் இருந்த அதிகாரி அதை என் கைப்பேசிக்கு அனுப்பி வைத்தார். நான் கொட்டகைக்குப் போனபோது மச்சாளும் ராத்தாவும் இன்னும் சில பெண்களும் இருந்தார்கள். நின்றபடியே வாசித்தேன். கண்டுபிடிக்கப்பட்ட பொருள் குர்குமின். பரிசோதனை முறை இன்னது. இந்த விதி எந்த நாட்டிலிருந்து வரும் நண்டுச் சதைக்கும் பொதுவானது.

“குர்குமின் எண்டா என்ன அத்தான்?”

எனக்குத் தெரியாது. அடுத்த வரியில் இருந்தது. வாசித்துவிட்டு வாசலில் இருந்த சட்டியைத்தான் முதலில் பார்த்தேன்.

“மஞ்சள்,” என்றேன். “சமையலுக்குப் போடுற மஞ்சள்.”

பெண்கள் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். வேலை நின்று நாட்களாகியும் நகக்கண்களில் அது இருந்தது.

“அது கலரில்லையே,” என்றார் ராத்தா. குரலில் உண்மையான மனவருத்தம் இருந்தது. “அது சுத்தமெல்லோ. பொய் சொல்லிப்போட்டம் எண்டு நினைச்சிருப்பானுகளே. சத்தியம் வேற பண்ணினம்.”

“நாங்கள் பொய் சொல்லேல்லை ராத்தா. அவையள் கேட்டது கலர். நாங்கள் போட்டது கலர் எண்டு ஆருக்குத் தெரியும்?” என்றாள் மச்சாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ரெண்டாந்தரம் வாளி வாளியாக் கரைச்சு ஊத்தினனாங்களே!”

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தடிப்பாகக் கரைத்த ராத்தா எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். கண்ணைத் துடைத்தார்.

விளக்கம் எழுதும் வேலை எனக்கு வந்தது. இத்தனை வருடங்களில் நான் எழுதியவற்றில் அதுதான் சிரமமானது. கழுவிய பொருளை மறுபடியும் கழுவும் ஒரு தண்ணீர் உண்டு என்பதை, அது தேவைப்படாத ஒருவருக்கு எப்படிச் சொல்வது? மச்சாள் பக்கத்தில் நின்றாள்.

“எங்களைக் காட்டுச்சனம் மாதிரி எழுதிப்போடாதேங்கோ.”

“எழுதேல்லை. சுத்தத்துக்குப் பாவிக்கிறது, இனிச் சதை பிரிக்கிற அறைக்குள்ள பாவிக்கமாட்டம் எண்டு எழுதியிருக்கிறன்.”

“அறைக்குள்ள எண்டு எழுதினது நல்லது,” என்றாள்.

மஞ்சளுக்குப் பதிலாகக் குளோரின் வந்தது. மீன்பிடித் திணைக்களத்துப் பரிசோதகர் வந்து எவ்வளவு கலப்பது என்று காட்டிவிட்டுப் போனார். முதல் நாள் ராத்தா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“நிலாவெளி ஹோட்டல்ல வெள்ளைக்காரன் குளிக்கிற குளத்துல நண்டு புடிச்ச மாதிரி மணக்குது புள்ள.”

“அந்த வெள்ளைக்காரன்தான் இதைத் தின்னப்போறான் ராத்தா. அவனுக்குப் பழக்கம்.”

கையுறை, கூடை, கத்தி, துணி எல்லாம் புதிதாயின. பழைய துணிகளை எத்தனை முறை அவித்தும் அந்த வெளிறிய நிறம் போகவில்லை. மச்சாள் அவற்றை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டாள். மாதிரி மறுபடியும் கொழும்பு வழியாகப் போனது. எங்கள் மாவட்டத்திலேயே பரிசோதிக்க ஒரு இடம் இருந்திருந்தால் முதல் நாளிலேயே தெரிந்திருக்கும். அந்த மேசையின் இலக்கத்தைப் படகுத்துறையில் எழுதிப் போட்டிருந்தால் நான் அந்த மண்டபத்தை நினைவுகூர வேண்டியிருந்திருக்காது. ஏரிக்கரை மண்டபத்தில் எங்கள் நாட்டுக்கு ஒரு கதிரை இருக்கிறது. அந்தக் கதிரைக்கும் குடாக்கரைக்கும் இடையில் உள்ள வழிதான் இன்னும் போடப்படவில்லை. பேரக்குழந்தையின் அப்பியாசக் கொப்பியில் இதை எழுதி வைத்தேன். எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை.

மனேஜர் அழைத்தபோது காற்று விழுந்திருந்தது.

“அக்கா, சுத்தம். ஒண்ணுமே இல்ல. திங்கக்கிழமை பெட்டி அனுப்புங்க.”

மச்சாள் ஓம் என்று மட்டும் சொன்னாள். கைப்பேசியை வைத்துவிட்டு ராத்தாவைப் பார்த்தாள். ராத்தா தொப்பியைக் கழற்றி மடித்து வைத்தார். நகரத்துக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டு பஸ்சுக்கு நடந்தார்.

திங்கட்கிழமை விடிய நான் போனபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ராத்தா மேசையில் இருந்தார். அவருடைய கடவுச்சீட்டு ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றப்பட்டு, மச்சாளின் அலுமாரியில், பழைய துணிகளுக்கு மேலே கிடந்தது. வீட்டில் வைத்தால் யாராவது எடுத்து மறுபடியும் ஏஜன்சிக்காரரிடம் கொடுத்துவிடுவார்களாம்.

மஞ்சள் சட்டி வாசலில் இல்லை. வேலிப் படலைக்கு வெளியே, வேப்பமரத்தின் கீழே இடம் மாறியிருந்தது. வேலை முடிந்து ஐஸ் பெட்டிகள் வண்டியில் ஏறியபின் பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். குளோரின் மணக்கும் கைகளைச் சட்டிக்குள் விட்டு அலசினார்கள். ராத்தா முழங்கைவரை நனைத்தார்.

“இதுக்குமா பதில் கேப்பானுகள்?” என்றார்.

“படலைக்கு வெளியில எங்கட நாடு,” என்றாள் மச்சாள்.

மிஞ்சிய தண்ணீரைச் சாய்த்து ஊற்றினாள். அது மணலில் ஒரு மஞ்சள் கோடாக ஓடிக் குடாவில் இறங்கியது. இறங்கிய இடத்தில் கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்பால் கோதுமைக் கப்பல் பாரம் இறக்கி உயர்ந்து, இதுவரை தண்ணீருக்குள் இருந்த சிவப்புப் பக்கத்தைக் காட்டியபடி நின்றது.